நாலு பங்குத் துப்பாக்கி

ரிப்பேர் கடைக்கு ஜனங்கள் கொண்டுவருவது கெட்டுப்போன சாமானை அல்ல. கெட்டுப்போன பிறகு வீட்டில் இருக்கிற எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் நோண்டிப் பார்த்த சாமானை. மிக்சியோ மோட்டாரோ டிவியோ, நீங்கள் எந்த ஸ்டூலில் உட்கார்ந்து எதைப் பிரித்துக்கொண்டிருந்தாலும் சரி, இதைப் படித்துவிட்டு என்னோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொள்வீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கடை செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு வந்ததிலிருந்து இருபது வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர், மிக்சி, ஃபேன் எல்லாம் என் பக்கம். மோட்டாருக்குக் காயில் கட்டுவது ரஹீம் பாய் பக்கம். நான் லேசில் பயப்படுகிறவள் இல்லை. கரண்ட் அடித்தால்கூடக் கையை உதறிவிட்டு, அதையே நாலு திட்டு திட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். என்னையே ஒரு மாசம் ஆட்டிவைத்தது ஒரு துப்பாக்கி.

வேட்டிக்குள் இருந்தது

அன்று காலை பத்து மணிக்கு, ஐம்பது வயது தாண்டிய ஒருவர் வேட்டியில் சுற்றிய நீளப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்துப் பிரித்தார். உள்ளே பட்டாளத்துக்காரர்கள் வைத்திருப்பது போலக் கறுப்பாக, நீளமாக ஒரு துப்பாக்கி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் இரண்டு கையும் என்னைக் கேட்காமலே மேலே போய்விட்டன. திரும்பிப் பார்த்தால், காயில் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரஹீம் பாயைக் காணவில்லை. கூட வந்திருந்த பெண் மட்டும் பதறிப்போய், "பயப்படாதக்கா, பேட்டரில ஓடுறதுதான். பிளாஸ்டிக் குண்டு" என்றாள்.

அவர் பெயர் கோவிந்தன், ஊர் சிங்கவரம். அவள் அஞ்சலை, அவருடைய தம்பி மனைவி. மலையடிவாரத்தில் வரிசையாக நாலு கொல்லி, எங்கள் பக்கத்தில் நிலத்துக்கு அதுதான் பேர்: கோவிந்தனுடையது, அஞ்சலையுடையது, அதற்கடுத்து ஒரு வாத்தியாருடையது, கடைசியாக ஏழுமலை என்பவருடையது. நாலிலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பிடுங்க இன்னும் ஒரு மாசம் இருக்கும்போதே மலையிலிருந்து குரங்குகள் இறங்கிச் செடியோடு பிடுங்கித் தின்ன ஆரம்பித்துவிட்டன. வாத்தியார் மகன் செல்போனில் பார்த்து இதைத் தருவித்திருக்கிறான். நாலு வீட்டுக்கும் ஒரே துப்பாக்கி. "எங்க கெணறு மாதிரிதாம்மா. நாலு பங்கு. ஆளுக்கு ஒரு நாள் மொறை" என்றார் கோவிந்தன்.

மற்ற மூன்று பேருக்கும் வேறு நிலமும் மாடும் சம்பளமும் இருந்தன. அஞ்சலைக்கு அந்த ஒரு ஏக்கர்தான். புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். வீட்டுக்கு எண்ணெய், அடுத்த போகத்துக்கு விதை, மாட்டுக்குக் கொடி எல்லாமே அதிலிருந்துதான் வரவேண்டும். இதை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் இருந்த சின்னப் பூட்டு மேலே தள்ளியிருந்தது. அதைக் கீழே தள்ளி விசையை அழுத்தினேன், மோட்டார் ஓடியது. அவ்வளவுதான் வேலை. கோவிந்தன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தக் கொக்கிய தள்றதுக்கா ஐ.டி.ஐ. படிச்ச?"

ஜவ்வரிசி

ஐந்தாறு நாளில் அஞ்சலை தனியாக வந்தாள். மோட்டார் உறுமுகிறது, குண்டு வரவில்லை. குண்டு போடும் டப்பாவைக் கழற்றி உள்ளே பார்த்தேன். அப்பம் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ அப்பிக்கிடந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். எனக்குச் சந்தேகமே இல்லை. "ஏம்மா, பாயசத்துக்குப் போடற ஜவ்வரிசியையா இதில் போட்டே?" என்று கத்தியே விட்டேன். பெரிய ஜவ்வரிசியாகப் பார்த்து, குண்டு அளவுக்குப் பொறுக்கிப் போட்டிருக்கிறாள். விடியற்காலைப் பனியில் அது ஊறி, நசுங்கி, குழாய் முழுக்கப் பசையாகிவிட்டது.

நான் குச்சியில் துணி சுற்றிக் குடைந்துகொண்டே, "குரங்கின் கண்ணில் கின்னில் பட்டுவிடப் போகிறது, பார்த்துச் சுடு" என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயையோ, ஆஞ்சநேயர போய் யாராவது சுடுவாங்களாக்கா? கொல்லி நடுவுல எண்ணெ டின்னு கட்டித் தொங்கவுட்டு இருக்கறோம். அதத்தான் சுடறோம்." டின்னைத் தட்ட ஒரு குச்சி போதாதா? போதாதாம். தட்டுகிற ஆளைக் குரங்கு பார்த்துவிட்டால் பயப்படுவதில்லை; கிட்டே ஆளே இல்லாமல் டின் தானாகக் கத்தினால்தான் ஓடுகிறதாம். சரி, அதற்கும் பிளாஸ்டிக் குண்டு இருக்கிறதே, ஜவ்வரிசி எதற்கு என்று கேட்டேன். மல்லாட்டைக் கொடியைத்தான் அவள் மாட்டுக்குப் போடுகிறாள். கொடியோடு குண்டும் போய்விடுமே என்ற கவலை அவளுக்கு.

"மாட்டு வயித்துல பிளாஸ்டிக் போயி அடச்சிக்கினா, அத யாருக்கா பிரிச்சி ரிப்பேர் பண்ணுவாங்க?"

சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் வாத்தியார் வந்தார். பூஜை அன்று அவருடைய முறை. மண்வெட்டி, கடப்பாரை, ஸ்பிரேயர், பைக் எல்லாவற்றோடும் துப்பாக்கியையும் வரிசையில் வைத்துச் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம், பொரிகடலை என்று ஒரு குறையும் வைக்கவில்லை. விசையை அழுத்தினால் மட்டும் உள்ளே 'கிர்க்' என்று நின்றுவிடுகிறது என்றார்.

குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் உள்ளே போகவில்லை. வாய் வரைக்கும் சந்தனம்! பொட்டு வைத்தவர் முகப்பில் ஒரு தொடு தொட்டுவிட்டு நிறுத்தவில்லை. கட்டை விரலால் அழுத்தி உள்ளேயே அடைத்துவிட்டார். அது ராத்திரியெல்லாம் காய்ந்து சிமென்ட் மாதிரி ஆகியிருந்தது. அதுவும் தெரியாமல் காலையில் இருபது தடவை சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். இருபது குண்டும் சந்தனத்துக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகக் கியூவில் நின்றன. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த மனுஷன் இவர் என்று நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. "ஏன் சார், குழாயை அடைத்தால் குண்டு எப்படி சார் வெளியே வரும்?" என்று கேட்டேவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னார்.

"பம்புசெட்டுக்கும்தாம்மா வெச்சேன். அது நல்லா ஓடுதே?"

காலி டப்பா

இது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

ஏழுமலை கொண்டுவந்தார். பேட்டரி ஒயர் லூசாகி, விட்டு விட்டு ஓடுகிறது. குண்டு டப்பாவைக் கழற்றித் தனியாகக் கையில் வைத்திருந்தார். "காலிம்மா, உள்ள ஒண்ணும் இல்ல" என்று சொன்னதை நம்பினேன். டப்பாவைக் கழற்றினாலும் குழாயின் அடியில் ஒரு குண்டு தங்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், ஒயரைச் சரியாகச் செருகிவிட்டு, மோட்டார் ஓடுகிறதா என்று விசையை அழுத்தினேன்.

'டப்' என்று ஒரு சத்தம். எதிரில் ரஹீம் பாயின் மூக்குக் கண்ணாடி, வலது பக்கம், நடுவில் ஒரு கீறல் விழுந்து நட்சத்திரம் மாதிரி பரவியது. அவர் அசையவில்லை. நானும் அசையவில்லை. அந்தக் கண்ணாடியை அவர் போன மாசம்தான் போட ஆரம்பித்திருந்தார்; அதற்கு முன்னால் வெறுங்கண்ணோடுதான் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார். என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி மேஜையில் குழாய் சுவரைப் பார்க்கும்படி வைத்ததாக ஏழுமலை பின்னால் சொன்னார். எனக்கு அது ஞாபகமே இல்லை. ரஹீம் பாய் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சுடாத துப்பாக்கின்னு சொல்லாத தங்கச்சி. இன்னும் சுடலன்னு சொல்லு."

ஃபியூஸ்

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. அஞ்சலை வந்தாள், துப்பாக்கியில் உயிரே இல்லை. மூடியைத் திறந்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில், பழைய ஸ்டெபிலைசரில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் இருக்கவேண்டும். அது இல்லை. எரிந்துபோயிருந்தால் கறுத்துப்போன குழாயாவது இருக்கும். இங்கே இடமே காலி. வழியில் விழுந்திருக்கும் என்று புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து மறுபடி அவளே வந்தாள். மறுபடி ஃபியூஸ் இல்லை. இன்னும் நாலு நாள் கழித்து மூன்றாவது தடவை.

ஒவ்வொரு தடவையும் அவள் பஸ் பிடித்து வந்து போவதற்குள் அவளுடைய முறையில் பாதி நாள் போய்விடும். அந்த அரை நாளில் குரங்கு எத்தனை சால் செடியை, எத்தனை வரிசையைப் பிடுங்கியது என்று வந்ததும் கணக்கு சொல்வாள். அழ மாட்டாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போதாக்குறைக்கு, கோவிந்தன் எங்கள் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து சொன்னதாக ஒரு சேதி வந்தது. இருபது வருஷமாக நான் தொட்டுக் கொடுத்த சாமான் அதே கோளாறில் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்ட என்னைப் பற்றித்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பொம்பள கை வெச்சா நாலு நாளுக்கு மேல தாங்க மாட்டேங்குதுப்பா!"

சட்டைப் பையில்

அஞ்சலையின் அடுத்த முறையன்று விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சிங்கவரம் போனேன். முந்தின நாள் கோவிந்தனுடைய முறை. சாயங்காலம் அவர் கையிலிருந்துதான் துப்பாக்கி அவளிடம் வந்திருந்தது. மூடியைத் திறந்தேன். ஃபியூஸ் இல்லை. முதல் நாள் முழுக்க அவர் கொல்லியில் டின் கத்தியதை ஊரே கேட்டிருக்கிறது!

அதற்குள் பாறைகளிலிருந்து குரங்குகள் இறங்கிவிட்டன, முப்பது இருக்கும். நேராக அஞ்சலையின் கொல்லி. செடியைப் பிடித்து இழுக்கும், உதறும், நாலு காய் கடிக்கும், தூக்கி எறியும், அடுத்த செடி. அவள் கழியைச் சுழற்றிக்கொண்டு ஓடினால் இரண்டு சால் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே பிடுங்கிப்போட்ட செடிகள் கால் வைக்க இடமில்லாமல் வாடிக்கிடந்தன. பார்க்கவே பதறியது. பையிலிருந்து ஒரு ஃபியூஸை எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் சுட்டாள், டின் படபடவென்று கத்தியது, முப்பதும் ஒரே தாவாக வரப்பைத் தாண்டின. தாண்டிப் போனது கோவிந்தனின் கொல்லிக்கு.

வரப்பில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்த கோவிந்தன் ஓடிவந்தார். நான் குறுக்கே போய், "ஃபியூஸ் எங்கே?" என்று நேராகவே கேட்டேன். மறுப்பார், சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். மனுஷன் சட்டைப் பையில் கைவிட்டு, காலண்டர் தாளில் மடித்து வைத்திருந்த நாலு கண்ணாடிக் குழாயையும் எடுத்து, இரவல் வாங்கிய சாமானைத் திருப்பித் தருகிற மாதிரி என் உள்ளங்கையில் வைத்தார். கூடப் பிறந்த தம்பியின் பெண்டாட்டி! அவருக்கு வெட்கமே இல்லை.

"தண்ணிக்கி மொற வெச்சா அவ பாச்சுன தண்ணி அவ கொல்லியிலதான் நிக்கும். கொரங்குக்கு மொற வெச்சா அவ ஓட்டுன கொரங்கு என் கொல்லிக்கில்ல வருது? நீயே ஞாயம் சொல்லும்மா."

அவளுக்குத் தெரியும்

அவர் குரங்குக்குப் பின்னால் ஓடியதும் நான் அஞ்சலையிடம் போனேன். நான் ஒழுங்காகச் சரிபண்ணிக் கொடுத்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு மூன்று பேர் மூன்று நாள் குரங்கை ஓட்டியிருக்கிறார்கள். ஓடின குரங்கு எந்தக் கொல்லியில் டின் கத்தாதோ அங்கே வந்து உட்கார்ந்து தின்றிருக்கிறது. நாலாவது நாள் அவளுக்கு அதுவும் இல்லை. இதையெல்லாம் கொட்டிவிட்டு, "வா, பஞ்சாயத்தில் சொல்லலாம். நானே வந்து சாட்சி சொல்கிறேன்" என்றேன்.

அவள் கீழே கிடந்த செடிகளில் மிச்சமிருந்த காய்களை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "மொத தபாவே தெரியும்க்கா" என்றாள். என் தலையில் இடி விழுந்த மாதிரி ஆனது. தெரிந்துமா மூன்று தடவை பஸ் ஏறி வந்தாள்? தெரிந்துமா என் மேஜைக்கு எதிரில் நின்று, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "எங்கியாவது வுழுந்திருக்கும்க்கா" என்று சொன்னாள்? எனக்குக் கோபம் அவள்மேல் திரும்பிவிட்டது. ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கத்தினேன். அவள் கையிலிருந்த செடியைக் கீழே வைத்துவிட்டு, வரப்புக்கு அந்தப் பக்கம், பங்குக் கிணற்றின் மோட்டார் கொட்டகையைக் காட்டினாள். கரண்ட் கனெக்‌ஷன் கோவிந்தன் பேரில் இருக்கிறது. சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.

"ஃபியூசுக்கு சண்ட போட்டன்னா, நாளைக்கி நடவுக்கு எனக்கு யாருக்கா சுச்சு போடுவாங்க?"

இரண்டாவது ஃபியூஸ்

அடுத்த நாள் வாத்தியார் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று துப்பாக்கியைக் கொண்டுவந்தார். சார்ஜரைச் சரிபார்த்தேன். பிறகு யாரும் கேட்காத ஒரு வேலையையும் செய்தேன். கைப்பிடியைப் பிரித்து, ஆழத்தில், இன்னொரு ஃபியூஸை ஒயரோடு சேர்த்துச் சால்டர் வைத்து மூடிவிட்டேன். மேலே பழைய இடத்தில் வழக்கமான ஃபியூஸும் இருந்தது. அதை யார் வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளட்டும், கரண்ட் உள்ளே இருப்பதன் வழியாகப் போய்விடும்.

நாலாம் நாள் கோவிந்தன் கடைக்கு ஓடிவந்தார், பேயறைந்த முகத்தோடு. அன்று அஞ்சலையின் முறை, அவள் கொல்லியில் காலையிலிருந்து டின் கத்திக்கொண்டே இருக்கிறதாம். "இன்னாம்மா இது? ஃபியூஸ் என் பையில இருக்குது, அங்க அது சுடுது! கரண்டு எங்கேர்ந்து வருது?" அதிர்ச்சியை இத்தனை நாள் நானே அனுபவித்துக்கொண்டிருந்தேன், முதல் தடவையாக எதிரில் இருப்பவர் முகத்தில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. நான் ஒரு மிக்சி மூடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். ரஹீம் பாய் புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூரையைப் பார்த்தார்.

அஞ்சலைக்கு ஏக்கரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தேறியது. மீதியைக் குரங்கு தின்றது. பிடுங்கி முடித்த அன்று சாயங்காலம் ஒரு மஞ்சப்பையில் மண்ணோடு பச்சை மல்லாட்டை கொண்டுவந்தாள். வேலையைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன், பொய் எதற்கு. அவள் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மேஜைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யார் கேட்டாலும் அது தானா சரியாயிடுச்சின்னு சொல்லிடுக்கா. நீ பண்ணன்னு தெரிஞ்சா, நான் சொல்லித்தான் பண்ணன்னு ஆயிடும். அப்பறம் கெணறு போச்சி."

இருபது வருஷத்தில் நான் செய்ததிலேயே உருப்படியான ரிப்பேர் இது ஒன்றுதான், அதை நான் தொடவே இல்லை என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சத்தியம் செய்துகொண்டிருப்பதும் நானேதான்.